கேள்வி – பதில்: உயிர்களும் கார்பனும்

கேள்வி: பூமியின் மேலோட்டில் கார்பனைவிடச் சிலிக்கான் பன்மடங்கு மிகுதி. இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, உயிர்கள் கார்பனையே பற்றிக்கொண்டது ஏன்?
– பதினோராம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: மேலோட்டின் எடையில் கால் பங்குக்கும் மேல் சிலிக்கான்தான், கார்பனோ நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் இருப்பதால் இரண்டுமே நான்கு பிணைப்புகளை அமைக்கும். வேறுபாடு, அந்தப் பிணைப்புகளின் வலுவில் இருக்கிறது. ஒரு கார்பன் அணுவை இன்னொரு கார்பன் அணுவிடமிருந்து பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 346 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனிடமிருந்து பிரிக்கவும் கிட்டத்தட்ட அதே அளவு, அதாவது 358 கிலோஜூல், வேண்டும். ஆகவே நீரும் ஆக்சிஜனும் சூழ்ந்த இடத்திலும் கார்பன் சங்கிலி எளிதில் குலைவதில்லை. அதே சமயம், நொதிகளால் வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்ட முடியாத அளவுக்கு இறுகிப்போவதும் இல்லை. சிலிக்கான் அணுக்கள் தமக்குள் கொள்ளும் பிணைப்பு 220 கிலோஜூலை ஒட்டியது. ஆக்சிஜனோடு கொள்ளும் பிணைப்போ 450ஐ ஒட்டியது. ஆக்சிஜன் அருகில் வந்தால் சிலிக்கான் சங்கிலி நிலைக்காது. மீத்தேனைப் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டும். சிலிக்கானின் அதே வகைச் சேர்மமான சிலேன், காற்றுப் பட்டாலே தீப்பற்றிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. கார்பன் ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்தால் கிடைப்பது, நீரில் கரையக்கூடிய ஒரு வாயு. அது செல்லிலிருந்து இரத்தத்துக்கும், நுரையீரலுக்கும், காற்றுக்கும், அங்கிருந்து மறுபடி ஓர் இலைக்குள்ளும் தடையின்றிப் போய்வருகிறது. சிலிக்கான் டை ஆக்சைடோ, ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸில்தான் உருகும் குவார்ட்ஸ் கல். அதைச் செல்லுக்குள் உண்டாக்கிவிட்டால் வெளியேற்றுவதற்கு வழியே இல்லை.

ஆனாலும் உயிர்கள் சிலிக்கானை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்கானைக் கரைந்த வடிவில் உறிஞ்சி, இலையிலும் உமியிலும் படியவிடுகிறது. நெல்லின் தாளை உருவும்போது விரலை அறுப்பதும், உமிச் சாம்பலில் பெரும்பகுதியாக எஞ்சுவதும் அதுதான். அங்கே அதன் வேலை காவல். உயிர்வேதியியல் முழுவதும் கார்பனின் பொறுப்பு.

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தேக்கு மரங்கள் டன் கணக்கில் எடை போட்டிருக்கின்றன. ஆனால் மரத்தடியில் மண் குறையவே இல்லையே. அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது?
– விவசாயி ஒருவர், மன்னார்குடி

பதில்: பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதே ஐயத்தைச் சோதித்துப் பார்த்தார். 200 ராத்தல் (பவுண்டு) உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீரை மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரம் 169 ராத்தலைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் இரண்டே அவுன்ஸ். எனவே மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பிறகு, 1648இல்தான் இது அச்சில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 62 ராத்தல் கரியை எரித்தால் ஒரு ராத்தல் சாம்பலே மிஞ்சுகிறது, மீதியெல்லாம் வாயுவாகப் போய்விடுகிறது என்று கண்டறிந்து எழுதியவரும் அவரே. மரக்கரி வாயுவாக மாறுமென்றால் வாயு மரமாகவும் மாறலாம் என்ற எதிர்த்திசை எண்ணம் மட்டும் அவருக்கு வரவில்லை.

அந்தத் திசையில் விடை வரக் காலம் பிடித்தது. 1779இல் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர், இலைகள் ஆக்சிஜனை வெளிவிட ஒளி தேவை என்று காட்டினார். 1804இல் சொஸ்யூர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், கார்பன் டை ஆக்சைடோடு நீரும் தாவரத்தின் எடையில் சேர்கிறது என்பதை அளந்தே நிறுவினார். ஆக, ஹெல்மோன்ட் சொன்னதும் முழுப் பிழையன்று.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அதில் அடங்கிய ஆக்சிஜனின் பெரும்பகுதியும் கார்பன் டை ஆக்சைடு வழியாகவே வந்தது. நீர் தருவது ஹைட்ரஜனை. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது என்றாலும், உங்கள் தேக்கு தன் கார்பன் அவ்வளவையும் அதிலிருந்தே திரட்டியது. மண் கொடுத்த தாது உப்புகளைப் பார்க்க வேண்டுமானால் ஒரு விறகை எரித்துப் பாருங்கள்: எஞ்சும் சாம்பல்தான் அது.

கேள்வி: மனித உடலின் எடையில் 18 விழுக்காடு கார்பன் என்று படித்தேன். அடுப்புக்கரியால் பல் துலக்கிய தலைமுறை நாங்கள். விழுங்கிய கரியெல்லாம் உடலில் சேர்ந்திருக்குமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: சேர்ந்திருக்காது. கரியின் பிணைப்புகளை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. சில வகை நஞ்சு உண்டவர்களுக்கு மருத்துவர்கள் தூண்டப்பட்ட கரியைக் கொடுப்பதும் இதனால்தான்: அது நஞ்சைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு, தானும் செரிக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். பசுந்தாவரங்கள் முதலானவை சேர்மங்களாக ஆக்கித் தரும் கார்பனே நமக்குப் பயன்படும்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் உடலின் அணுக்கள் அனைத்தும் மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஏழு ஆண்டு என்ற கணக்குக்கு அடிப்படை இல்லை, அனைத்தும் என்பதும் பிழை. இதைத் தெளிவாக்கியது, எதிர்பாராத வகையில், அணுகுண்டுச் சோதனைகள். வெட்டவெளியில் நடந்த அச்சோதனைகளால் காற்றில் இருந்த கார்பன்-14 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் (கார்பனிலேயே எடை கூடிய ஒரு வகை அணுவின்) அளவு, 1963ஐ ஒட்டி வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த ஆண்டு கையெழுத்தான தடை உடன்படிக்கைக்குப் பிறகு, கடலும் தாவரங்களும் உறிஞ்சிக்கொள்ள, அது படிப்படியாகக் குறைந்தது. இலை வழியாக உணவிலும், உணவு வழியாக நம் செல்களிலும் அதே ஏற்ற இறக்கம் பதிந்தது. செல் பிரியும்போது புதிதாகக் கட்டப்படும் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டின் அளவே நிலைத்துவிடுகிறது.

இதைப் பயன்படுத்திச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசென் குழுவினர் 2005 முதல் செல்களின் வயதைக் கணித்துவருகிறார்கள். கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு புதியவை. இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவே புதுப்பிக்கப்படுகின்றன. முதுமையில் அதிலும் பாதிக்கும் குறைவு. பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், நரம்பணுக்களோ நாம் பிறந்த காலத்தவை. அவற்றின் புரதமும் கொழுப்பும் மாறிக்கொண்டிருக்க, டி.என்.ஏ.வின் கார்பன் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

பல் எனாமலில் அடங்கிய சிறிதளவு கார்பனும் பல் உருவான பிறகு மாறுவதில்லை. அடையாளம் தெரியாத உடலின் பல்லிலிருந்து பிறந்த ஆண்டைக் கணிக்க இதே அளவீட்டை இப்போது தடயவியலிலும் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குமேல் பிசகுவதில்லை.