பாங்காக்கில் நான்கு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாங்காக் செல்லத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் செலவு, ஏமாற்று, நேர விரயம் தொடர்பானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டணங்களும் விசா விதிகளும் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாங்காக், பட்டாயா இரண்டும் சேர்த்து 'நான்கு இரவு, ஐந்து பகல்' என்று சென்னையில் ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். நாங்களே ஏற்பாடு செய்துகொண்டு போவதைவிட விலை குறைவு. எடுக்கலாமா?

விலையைப் பார்க்கும் முன் விமான நேரத்தைக் கேளுங்கள். பயணம் சுமார் மூன்றரை மணி நேரம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11.30க்குச் சென்னையில் ஏறினால் அங்கே விடிகாலை 4.30க்கு இறங்குவீர்கள். ஹோட்டல் அறையோ பெரும்பாலும் பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். 'முதல் நாள்' என்று அவர்கள் கணக்கில் எழுதுவது, தூக்கமில்லாமல் பெட்டியோடு ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் நாளாகிவிடும். முன்கூட்டியே அறை தர முடியுமா, அதற்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, வண்டி உங்களுக்கு மட்டுமா, அல்லது மற்றவர்களோடு பகிரும் 'எஸ்ஐசி' பேருந்தா? பகிரும் பேருந்து ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றும். நுழைவுக் கட்டணங்கள் பேக்கேஜ் விலையில் அடக்கமா? நகைக்கடை, ரத்தினக்கடை நிறுத்தம் உண்டா? உண்டென்றால் அந்த மலிவு விலைக்கு அதுதான் காரணம். கடைக்காரர் தரும் கமிஷன் உங்கள் அரை நாளை விலைக்கு வாங்கிவிடுகிறது.

பட்டாயா பாங்காக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், போக இரண்டு மணி நேரமாவது ஆகும். சுவர்ணபூமி விமான நிலையம் நகருக்குக் கிழக்கே, பட்டாயா போகும் திசையிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டும் வேண்டுமென்றால் இறங்கியதும் நேரே பட்டாயா, கடைசி இரண்டு இரவு பாங்காக் என்று வரிசை இருக்க வேண்டும். மொத்தமே நான்கு நாள்தான் என்றால் பட்டாயாவை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. பாங்காக்குக்கே அந்த நாட்கள் போதாது.

கேள்வி: தாய்லாந்து போக இணையத்தில் ஏதோ அட்டை நிரப்ப வேண்டுமாம். ஒரு தளத்தில் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். அது டிடிஏசி எனப்படும் மின்னணு வருகை அட்டை. 2025 மே 1 முதல் கட்டாயம்; கட்டணம் கிடையாது. தாய்லாந்து போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடியேற்றத் துறையின் தளத்திலேயே நிரப்ப வேண்டும். அந்தத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும். அப்படி முடியாத தளங்கள் இடைத்தரகர்களுடையவை. தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வந்து நிற்பதும் அவைதான். குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஒன்று நிரப்பி, வரும் க்யூஆர் குறியீட்டைப் படமாக எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் முன்பதிவையும் காகிதத்தில் கொண்டுபோவது நல்லது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அதிகாரி கேட்கக்கூடும்.

கேள்வி: ஹோட்டல் எந்தப் பகுதியில் எடுப்பது? காவ் சான் சாலையில் மலிவாகக் கிடைக்கிறது.

காவ் சான் பக்கம் ரயில் நிலையம் கிடையாது. எங்கே போவதென்றாலும் டாக்சி, துக்துக், பேருந்து, இல்லையென்றால் படகு. மாலை நேரத்தில் பாங்காக் சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போவது சாதாரணம். அறையில் மிச்சம் பிடித்தது வண்டியில் போய்விடும்.

இந்த ஊரில் இரண்டு முக்கிய ரயில் சேவைகள். தூண்கள்மேல் ஓடுவது பிடிஎஸ். பெரும்பகுதி நிலத்தடியில் ஓடுவது எம்ஆர்டி. இரண்டும் கைகோக்கும் இடத்தில் தங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுகும்வித் சாலையில் அசோக், சிலோம் பகுதியில் சாலா டேங் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. பிரதூனாம் துணிச்சந்தைக்கு வருகிற வியாபாரிகளுக்கு அந்தப் பகுதி சௌகரியம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.

விலையில் ஒரு கண்ணி உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் மதிப்புக்கூட்டு வரியான வாட் 7 சதவீதம் என்று பொருள். வரி, சேவைக் கட்டணத்தின்மேலும் விழும். 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று போட்ட அறை 1,177 பாட் ஆகும். பெரிய உணவகங்களின் விலைப்பட்டியலிலும் இதே குறி இருக்கும். முன்பதிவுத் தளங்களில் ஒப்பிடும்போது பட்டியலில் தெரியும் விலையை நம்பாமல், பணம் கட்டும் பக்கம் வரை போய் இறுதித் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் நால்வர், நான்கு பெரிய பெட்டிகள். விமான நிலையத்திலிருந்து ரயிலா, டாக்சியா?

முதலில் எந்த விமான நிலையம் என்று டிக்கெட்டில் பாருங்கள். பாங்காக்கில் இரண்டு இருக்கின்றன: சுவர்ணபூமி, டான் முவாங். மலிவு விலை விமானங்களில் பல டான் முவாங்கில்தான் இறங்கும். போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசி நாளில் தவறான இடத்துக்குப் போய் விமானத்தை விடுகிறவர்கள் உண்டு.

சுவர்ணபூமி என்றால், அடித்தளத்திலிருந்து கிளம்பும் விமான நிலைய ரயிலில் பயா தாய் வரை ஆளுக்கு 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒருவரோ இருவரோ கைப்பெட்டியோடு போனால் இதைவிட நல்ல வழி இல்லை. நால்வருக்கு 180 பாட். அங்கிருந்து வேறு ரயில், படிக்கட்டு, கூட்டம். உங்களுக்கு டாக்சிதான் சரி.

முதல் தளத்துக்கு வெளியே இயந்திரம் சீட்டு தரும். அதில் உள்ள எண் போட்ட நிறுத்தத்தில் வண்டி நிற்கும். அந்தச் சீட்டைக் கடைசி வரை உங்களிடமே வைத்திருங்கள். புகார் செய்ய அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், பெரிய வண்டியில் 40. அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட். விரைவுச் சாலைச் சுங்கம் நீங்கள் கட்ட வேண்டியது. பல டாக்சிகளின் டிக்கியில் எரிவாயு உருளை இருப்பதால் நான்கு பெரிய பெட்டிகள் சாதாரண காரில் ஏறாது. பெரிய வண்டிக்குரிய சீட்டை எடுங்கள். இதைத் தெரியாமல் நிற்கும் குடும்பத்திடம்தான் "இரண்டு வண்டி வேண்டும், மொத்தமாக இவ்வளவு" என்று பேரம் தொடங்கும். மீட்டர் போட மாட்டேன் என்றால் கிளம்பும் முன்னே இறங்கிவிடுங்கள். ஊருக்குள் கிராப், போல்ட் செயலிகளில் தொகை முன்கூட்டியே தெரிவதால் அந்தத் தகராறு இல்லை.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? இங்கேயே பாட் வாங்கிவிடலாமா?

முதல் நாள் செலவுக்கு மட்டும் ஊரில், விமான நிலையத்தில் அல்ல, நகரத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் பாட் வாங்குங்கள். மிச்சத்தை 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சிறிய டாலர் நோட்டுக்குப் பாங்காக்கில் விகிதம் குறைவு. கிறுக்கல், கிழிசல் உள்ள நோட்டை வாங்காமலும் போகலாம். சுவர்ணபூமியில் பெட்டி எடுக்கும் இடத்தை ஒட்டிய கவுண்டர்களைக் கடந்துபோய், ரயில் கிளம்பும் அடித்தளத்தில் உள்ள மாற்றுக் கடைகளில் விகிதத்தைப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரூபாய் நோட்டையும் சிலர் வாங்குவார்கள், ஆனால் டாலர் அளவுக்கு நல்ல விகிதம் கிடைக்காது.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் கட்டணம் பிடிப்பார்கள். உங்கள் வங்கியின் கட்டணம் தனி. 2,000 பாட்டுக்கு ஒருமுறை போய் நின்றால் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். எடுத்தால் ஒரே முறையில் பெரிய தொகையாக எடுங்கள்.

பெரும்பாலோர் அறியாமலே இழப்பது இன்னொன்று. கடையிலோ ஏடிஎம்மிலோ அட்டையைச் செருகியதும் "ரூபாயில் கட்டுகிறீர்களா, பாட்டிலா?" என்று திரை கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை அங்குள்ளவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்துத்தான் போடுகிறார்கள். எப்போதும் பாட்டையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் தானாக ரூபாயை அழுத்திவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரத்துசெய்து மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பாங்காக்கின் 'கிராண்ட் பேலஸ்' அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்றார்களாம். ஏறிய உறவினர் ஒருவர் நீலக்கல் வாங்கி ஏமாந்தார். எப்படித் தப்பிப்பது?

மிகப் பழைய ஏமாற்று, இன்றும் நடக்கிறது. நன்றாக உடுத்தியவர், நல்ல ஆங்கிலம், அடையாள அட்டைகூடக் கழுத்தில் தொங்கும். பிக்குகளின் பூஜை, அரச விழா என்று ஏதாவது காரணம் சொல்வார். 20 பாட் துக்துக் உங்களை ஒரு சிறிய கோயிலுக்கு அழைத்துப் போகும். அங்கே தற்செயலாகச் சந்திப்பதுபோல் இன்னொருவர், "இன்றுதான் அரசு வரிவிலக்கு விற்பனையின் கடைசி நாள், ஊரில் விற்றால் இரட்டிப்பு" என்பார். அப்படி ஓர் அரசு விற்பனை கிடையாது. ஓட்டுநருக்குக் கடையில் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, அரண்மனை திறந்திருக்கிறதா என்பதைத் தெருவில் யாரிடமும் கேட்காமல் நேரே டிக்கெட் கவுண்டர் வரை நடந்துவிடுவது. காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை டிக்கெட் தருவார்கள். அரச சடங்கு நாட்களில் மூடுவது உண்டு. அது அரண்மனையின் இணையதளத்தில் முன்பே அறிவிக்கப்படும்.

வாங்கிவிட்டால்? ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே 1155க்கு அழையுங்கள். அது சுற்றுலாக் காவல்துறை. ரசீது, கடையின் படம், அட்டைச் சீட்டு மூன்றையும் காட்டுங்கள். கல்லைத் தபாலில் அனுப்பச் சம்மதித்திருந்தால் அதையும் உடனே சொல்லுங்கள்; பொருள் நாட்டைவிட்டுப் போனபின் திருப்பிக் கொடுப்பது மிகக் கடினம்.

கேள்வி: வயதான அம்மாவோடு போகிறோம். எந்த வரிசையில் பார்ப்பது?

ஆற்றங்கரையை ஒரே நாளில் முடியுங்கள், அதுவும் காலையில். பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகில் 16 பாட். அங்கே முதலில் கூப்பிட்டுக் காட்டப்படுவது நீலக்கொடிச் சுற்றுலாப் படகின் நாள் டிக்கெட். ஒருமுறை போய்வர அது வேண்டாம். படகு துறையில் சில நொடிகளே நிற்கும், ஏறும் இடத்தில் ஆட்டமும் இருக்கும். அம்மாவுக்கு அது கஷ்டமென்றால் எம்ஆர்டியில் சனாம் சாய் நிலையம் போங்கள். மின்தூக்கி உண்டு, வாட் போ கோயில் அருகிலேயே ('வாட்' என்றால் கோயில்).

8.30க்கு அரண்மனை, 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை இரண்டுக்கும் அனுமதி இல்லை. சேலை, சல்வார் சிக்கலே இல்லை. உள்ளே நிழல் குறைவு, கல்தரை சுடும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாட் போ: 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தர், 300 பாட். தா தியன் துறையிலிருந்து அக்கரையிலுள்ள வாட் அருணுக்குப் படகு சில பாட்டுகள்தான். அதன் நடுக் கோபுரத்தின் படிகள் மிகச் செங்குத்து. அம்மா கீழே நின்றே பார்க்கட்டும்.

மறுநாள் எம்ஆர்டியில் சாம் யோட் இறங்கி, வாட் சுதத் முன்னால் நிற்கும் சிவப்பு நிறப் பெரிய ஊஞ்சலைப் பாருங்கள். அங்கே பிராமணப் புரோகிதர்கள் நடத்திய விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. நம் திருவெம்பாவையின் பெயரே அப்படி மருவியது என்பர். தமிழர் ஒருவர் அதைப் பார்க்காமல் வருவது எங்களுக்கு வருத்தம். அங்கிருந்து ஹுவா லம்போங் நிலையம். பக்கத்தில் வாட் திரைமித்தில் சுமார் ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர். சுண்ணப் பூச்சுக்குள் மறைந்திருந்த பொன், 1955இல் சிலையை இடம் மாற்றும்போதுதான் வெளிப்பட்டது.

சட்டுச்சாக் சந்தை முழுமையாக இயங்குவது சனி, ஞாயிறுகளில் மட்டும். வாரநாளில் போய் ஏமாறாதீர்கள். பள்ளி விடுமுறை என்று ஏப்ரலில் கிளம்புகிறவர்கள், அங்கே ஆண்டின் மிகக் கடுமையான வெயில் அப்போதுதான் என்பதை அறிந்து போக வேண்டும்.

கேள்வி: சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கறி, மீன் துண்டு போடாமல் சமைத்துவிட்டு, மீன் சாறான 'நாம் பிளா'வை ஊற்றியிருப்பார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. பப்பாளிச் சாலட்டான ஸோம் தாமில் காய்ந்த இறால் இருக்கும், குழம்பு விழுதில் இறால் பசை இருக்கும். 'ஜே' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் துணியில் சிவப்பாக அந்த எழுத்தைப் போட்ட கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. நம் சாப்பாடு வேண்டுமென்றால் பாகுரத், சிலோம் பகுதிகளில் கிடைக்கும்.

கேள்வி: வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?

ஒரே கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். மொத்தம் 20,000 பாட் அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க அதிகாரியிடம் படிவத்தையும் பொருளையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இந்த வரிசை தவறுவதால்தான் பலருக்குப் பணம் வருவதில்லை. கட்டணம் பிடித்தபின் முழு 7 சதவீதம் கைக்கு வராது. புத்தர் சிலை வாங்கினால் நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. மின் சிகரெட்டை அந்த நாட்டுக்குள் கொண்டுபோவதே குற்றம்.

கேள்வி: நவராத்திரி சமயத்தில் போகிறோம். சிலோம் மாரியம்மன் கோயில் அருகில் அறை எடுக்கலாமா?

தாராளமாக. தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். தாய் மக்கள் 'வாட் கேக்' என்பார்கள், வழி கேட்க அந்தப் பெயரே உதவும். அருகிலுள்ள பிடிஎஸ் நிலையம் சுரசாக். விஜயதசமி இரவில் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையில் போக்குவரத்தை நிறுத்துவார்கள். அன்றிரவு விமானம் இருந்தால் பிற்பகலிலேயே பெட்டியோடு கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஓர் இரவுக்கு மட்டும் அசோக் பக்கம் அறை மாற்றிக்கொள்ளுங்கள்.