ரசிகர் இதழ்: விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர் இதழ்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் யார்க்‌ஷயரில் மேற்படிப்பு படிக்கிறேன். இங்குள்ள லீக் டூ (நான்காம் அடுக்கு லீக்) அணியின் ரசிகர்கள் நான்கைந்து பேர், பாதியில் நின்றுபோன ஃபேன்சைன் (ரசிகர்களே நடத்தும் இதழ்) ஒன்றை மறுபடி கொண்டுவரப் பார்க்கிறார்கள். லே-அவுட் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டுரைகள் இருக்கின்றன, பணமும் கொஞ்சம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. எல்லாம் போனில் வந்துவிட்ட காலத்தில் அச்சிதழ் எதற்கு என்றும் கேட்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் இருக்கும் யார்க்‌ஷயரிலேயே பிராட்ஃபர்ட் சிட்டி ரசிகர்களின் ‘தி சிட்டி ஜென்ட்’ இதழ் 1984-ல் தொடங்கியது. தெற்கு லண்டனில், 1985-ல் சொந்த மைதானமான வேலியை விட்டுப் போன சார்ல்டன் அணியைத் திரும்ப அழைத்துவர 1988-ல் ‘வாய்ஸ் ஆஃப் தி வேலி’ என்ற இதழ் வந்தது. அந்த ரசிகர்கள் 1990 உள்ளாட்சித் தேர்தலில் தனிக் கட்சியாகவே நின்று 14,838 வாக்கு வாங்கினார்கள். அணி 1992 டிசம்பர் 5 அன்று வேலிக்குத் திரும்பியது. இதழ் ஒன்றே எல்லாவற்றையும் சாதித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மதியத்தில், ஒரே வாசலில், சம்பந்தப்பட்டவர்கள் கையில் மட்டும் ஒரு தாள் போய்ச் சேரும் வசதி போனுக்கு இன்னும் வரவில்லை.

இனி வேலை. எல்லாவற்றையும் விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சனிக்கிழமை 3 மணிக்கு உள்ளூரில் நடக்கும் ஆட்டமாகப் பாருங்கள். தொலைக்காட்சிக்காக 12.30-க்கு மாற்றப்படும் ஆட்டத்துக்குக் கூட்டம் அவசரமாக வரும், நேரே உள்ளே போகும், விற்பனை படுத்துவிடும். லீக்குக்கு வெளியே நடக்கும் எஃப்.ஏ. கோப்பைச் சுற்றுகள் வரும் வார இறுதிகளையும் விட்டுவிடுங்கள். உங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போனால் அன்றைய லீக் ஆட்டம் தள்ளிப்போகும். ஜனவரியில் மைதானம் உறைந்து ஆட்டம் நிற்பதும் சகஜம். அதனால் அட்டையில் தேதியும் எதிரணியின் பெயரும் வேண்டாம். இதழ் எண், விலை, அவ்வளவு போதும். அப்போதுதான் மிஞ்சிய பிரதியை அடுத்த ஆட்டத்திலும் விற்கமுடியும்.

பிரதிகள் புதன்கிழமையே கைக்கு வரவேண்டும். வெள்ளி என்று அச்சகத்திடம் பேசினால், கூரியர் ஒரு நாள் பிசகினாலும் போச்சு. அதற்கு ஏழு வேலைநாள் முன்னால் பி.டி.எஃப். போகவேண்டும், அதற்குப் பத்து நாள் முன்னால் கட்டுரைகள் வந்து சேரவேண்டும். எழுதுபவர்களிடம் இன்னும் மூன்று நாள் முந்திய தேதியைச் சொல்லுங்கள். பொய்தான், ஆனால் தேவையான பொய்.

ஆக, நீங்கள் அனுப்பியதற்கும் வாசகர் படிப்பதற்கும் நடுவே ஒன்றிரண்டு ஆட்டம் முடிந்திருக்கும், மேனேஜரையே தூக்கியிருக்கலாம். மேனேஜர் படத்தை அட்டையில் போட்டு, அச்சேறிய மறுநாள் அவர் வேலை போய், சிரிப்பாய்ச் சிரித்த இதழ்கள் உண்டு. ஆட்ட விமர்சனம் வேண்டவே வேண்டாம், ஸ்கோர் எல்லாருக்கும் தெரியும். ஊசிப்போகாத சரக்கு வேறு: சீசன் டிக்கெட் விலை ஏறிய கணக்கு, வெளியூர் மைதானத்துக்கு ரயிலில் போய்வரும் வழி, கிளப்பின் ஆண்டுக் கணக்கு. ஆண்டுக் கணக்கு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலாளி கொடுத்தது கடனா பங்கா என்று ஒரே பக்கத்தில் விளக்குங்கள். அந்தப் பக்கத்துக்காகவே வாங்குவார்கள். தலையங்கத்தைக் கடைசி நாளில் எழுதுங்கள். அதன் பிறகும் ஏதாவது வெடித்தால், ஒரு துண்டுத் தாளை நகலெடுத்து உள்ளே செருகிவிடலாம்.

அளவு ஏ5, நடுவில் இரண்டு பின். ஏ4 தாள் ஒன்றை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக மட்டுமே இருக்கமுடியும். 38 பக்கத்துக்கு மேட்டர் இருந்தால் இரண்டை வெட்டுங்கள், 40-க்கு இழுக்காதீர்கள். 9.5 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் சுமார் 400 சொல் பிடிக்கும். உள்தாள் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்), பூச்சில்லாதது, அட்டை 170. பளபளப்புத் தாள் மழையில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விற்பதோ திறந்த வெளியில்.

வேலை தொடங்குமுன் ஒரு டம்மி (வெற்றுத்தாள் மாதிரி) செய்துகொள்ளுங்கள். 32 பக்கத்துக்கு எட்டு ஏ4 தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பக்க எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால், வெளித்தாளின் ஒரு முகத்தில் 32-ம் 1-ம், பின்முகத்தில் 2-ம் 31-ம், நடுத்தாளின் உள்முகத்தில் 16-ம் 17-ம் இருக்கும். எந்த முகத்தைக் கூட்டினாலும் 33. கூட்டுத்தொகை எங்கே மாறுகிறதோ அங்கே பக்கம் தப்பியிருக்கிறது. நீங்களே நகல் எந்திரத்தில் அடிப்பதானால், இருபக்க அச்சில் குறுகிய ஓரமாகப் புரட்டும்படி வையுங்கள், இல்லையென்றால் பின்முகம் தலைகீழாக வரும். சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது, நீளக் கை உள்ளது வேண்டும். மடித்த பின் உள்தாள்கள் வெளியே பிதுங்கும், கத்தி அவற்றைத்தான் அதிகம் வெட்டும். அதனால் வெளி ஓரத்தில் 10 மி.மீ. விடாவிட்டால் நடுப்பக்கங்களில் பக்க எண்ணே போய்விடும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வரிசைப்படி தனித்தனிப் பக்கமாகக் கொடுங்கள், ஜோடி சேர்ப்பது அவர்கள் வேலை. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுமிச்சம் (அச்சடித்த பின் வெட்டிப்போகும் ஓரம்), ஆக 154 x 216 மி.மீ. முழுப்பக்கப் படத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1819 x 2551 பிக்ஸல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியிருக்கும், மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் பொருந்தாமல் மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும்.

‘ரசிகன் கிண்டல்தானே’ என்பது அவதூறு வழக்கில் செல்லாது. 2013 அவதூறுச் சட்டத்தில் நேர்மையான கருத்துக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது கருத்தாகத் தெரியவேண்டும், அதன் அடிப்படையைச் சொல்லியிருக்கவேண்டும். “கணக்கைப் பார்த்தால் இந்தத் தலைவருக்கு கிளப் நடத்தத் தெரியவில்லை” என்று எழுதலாம். “பணத்தை எடுத்துவிட்டார்” என்பது தகவல், ஆதாரம் கேட்பார்கள். கிளப் சின்னத்தைப் பதிவு செய்திருப்பார்கள், தொடாதீர்கள். நிறங்களே போதும், அடையாளம் தெரியும்.

பணக் கணக்கு எளியது. உதாரணத்துக்கு 300 பிரதிக்கு 330 பவுண்ட் என்றால், 2 பவுண்ட் விலையில் 165-வது பிரதியில் போட்ட பணம் திரும்பிவிடும். அச்சகச் சீட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், இத்தகைய இதழ்களுக்கு அது பூஜ்ய விகிதம். விலையை முழு நாணயமாக வையுங்கள். 2.20 என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் சில்லறை தேடும் நேரத்தில் பத்துப் பேர் கடந்துபோயிருப்பார்கள். கார்டு எந்திரமும் இருக்கட்டும், ஆனால் கூட்டம் சேர்ந்தால் சிக்னல் படுத்துவிடும்.

நிற்கும் இடம்தான் பாதி விற்பனை. நுழைவாயிலை ஒட்டி நிற்காதீர்கள். அங்கே எல்லாரும் டிக்கெட்டைக் கையில் எடுத்திருப்பார்கள், பர்ஸ் உள்ளே போயிருக்கும். மதுக்கடையிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ வரும் பாதை மைதானத் தெருவுக்குத் திரும்பும் முனை நல்லது. ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், ஆனால் பெரும்பாலான கூட்டம் கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் வரும். அட்டை தெரியும்படி நெஞ்சுக்கு நேரே ஒன்றைப் பிடித்து, பெயரையும் விலையையும் மட்டும் கூவுங்கள். கிளப் நிலத்தில் நிற்க அனுமதி வேண்டும், பொது நடைபாதையே மேல். லண்டனுக்கு வெளியே 1982-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, பருவ இதழ்களை மட்டும் கையில் வைத்து விற்பவருக்குத் தெரு வணிக உரிமம் தேவையில்லை. கூடவே ஸ்கார்ஃப், பேட்ஜ் என்று சேர்த்தால் கதை மாறும்.

தபாலில் கேட்பவர்களுக்கு சி5 உறை சரி. ராயல் மெயிலில் 240 x 165 x 5 மி.மீ., 100 கிராம் வரை சாதாரணக் கடிதம். மேலே சொன்ன தாளில் 40 பக்க இதழ் சுமார் 67 கிராம்தான் வரும். அதையே 130 ஜி.எஸ்.எம்.-ல் 48 பக்கமாக்கினால் உறையோடு 100-ஐத் தாண்டி, பெரிய கடித விலைக்குப் போய்விடும். பருவ இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ பிரிட்டிஷ் நூலகம் இலவசமாகவே தருகிறது. இதழ் வந்த ஒரு மாதத்துக்குள் அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவது சட்டப்படி கட்டாயம், அதையும் வந்த பிரதிகளிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.