நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்கிறார்!

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் நான் கருவாடு விற்கிற காசில்தான் வீடு ஓடுகிறது. இந்த முறை நிவாரணத் தொகை 8,000 ரூபாய் வந்ததும், அடகில் இருக்கும் என் சங்கிலிக்கு வட்டி கட்டிவிடலாம் என்றேன். நாத்தனார் குடும்பம் வந்திருந்த நேரம். “நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்கிறார், எல்லாரும் கைதட்டுங்கள்” என்றார் கணவர். வீடே சிரித்தது. வட்டி இன்றுவரை கட்டவில்லை. கோபப்பட்டால், “உனக்குத் தமாஷே புரியாதா?” என்கிறார். தவறு என்மேலா?
- பெயர் வேண்டாத வாசகி, மண்டபம்

பதில்: உங்களுக்குத் தமாஷ் நன்றாகவே புரிகிறது, சகோதரி. அந்த வரியைப் படித்து நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வட்டி என்ன ஆயிற்று என்று பார்த்தால், அது கட்டாமலே கிடக்கிறது. உங்கள் கோபம் அதன்மேல்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சண்டைக்கு நடுவே வருகிற ஒரு சின்ன வேடிக்கை சூட்டைத் தணித்து, பேச்சைத் தொடரவைக்கும் என்கிறார். திருமணத்தை அரிக்கிற குணங்களில் மிக மோசமானது இளக்காரம் என்று சொன்னவரும் அவர்தான். கனடாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்விலும் இதே போக்குத்தான்: துணை அன்பாகச் சிரிக்கவைத்தால் நெருக்கம் கூடியது, குத்திச் சிரித்தால் குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் காதலர்கள். அடகுச் சீட்டும் நாத்தனாரும் இல்லாத பாக்கியசாலிகள்!

இதே வரியை அவர் இரவு நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லிவிட்டு, “சரி, வட்டி எவ்வளவு?” என்று கேட்டிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள். கூட்டத்தைச் சிரிக்கவைத்தார், அந்தச் சிரிப்பிலேயே கணக்கும் மூடிக்கொண்டது.

அவர் பக்கமும் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. மனைவியின் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் வேறு. அந்த நேரத்தில் தங்கை, மச்சான் எதிரில் அடகு நகையின் பேச்சு எழுந்தால், ஆண்பிள்ளை வீறாப்பு எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்க்கும். அவர் செய்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பணப் பேச்சை விருந்தாளிகள் போனபிறகு எடுங்கள்.

“தமாஷ் புரியாதா?” என்று மறுபடி கேட்டால், “புரிந்தது, நன்றாகவும் இருந்தது. நாலு பேர் எதிரில் என்னை வைத்துச் சிரித்ததுதான் வலித்தது” என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், பழைய கதை எதையும் இழுக்கவும் வேண்டாம். கலகலப்பான மனிதர்கள் பலருக்குத் தாங்கள் குத்தியது தெரிவதே இல்லை, சொன்னால் பதறிப்போவார்கள்.

அப்புறம், அவர் கொடுத்த பதவியை விடாதீர்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் அடகுச் சீட்டை எதிரில் வைத்து, “நிதியமைச்சர் பட்ஜெட் தாக்கல் செய்கிறார், எதிர்க்கட்சித் தலைவர் உட்காரலாம்” என்று ஆரம்பியுங்கள். அவர் சிரிப்பார், நீங்களும் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் தொகையைச் சொல்லிவிட்டு, என்றைக்குக் கட்டுவது என்று கேளுங்கள். அதற்கும் ஒரு வேடிக்கையைப் போட்டு நழுவினால், மரியாதைக்காகக்கூடச் சிரிக்காதீர்கள். பேசாமல் இருங்கள். சிரிப்பு எழாத இடத்தில் வேடிக்கைக்காரரால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

நிவாரணப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று அவர் சொன்னால், அதுவும் தெரியவேண்டிய கணக்குத்தான். எதற்குப் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை இந்த வாரமே செய்யுங்கள். தடை முடிந்து படகு கிளம்பிவிட்டால், அவரை உட்காரவைத்துப் பேச அடுத்த தடைக்காலம்தான் வரவேண்டும். அதுவரை வட்டி காத்திருக்காது.