சட்டைப் பொத்தானும் 12,000 புத்தகங்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்கு பதினொரு வயது. பிறவியிலேயே அவன் மூளையில் கார்பஸ் கலோசம், அதாவது வலது, இடது பாதிகளை இணைக்கும் நரம்புக் கட்டு, உருவாகவில்லை என்பது எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. நன்றாகப் படிக்கிறான், கணக்கும் வருகிறது. ஆனால் "கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைக்குப் போய்விட்டு வா" என்றால் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். சொந்தத்தில் திருமணம் செய்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். வலது, இடது மூளையை இணைக்கும் பயிற்சி என்று ஒரு வகுப்பில் அழைக்கிறார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குள் அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும் என்கிறார்களே, அதைக் கண்டுபிடிக்க ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காரணம் என்ன என்பதை மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள், மாமியாரிடம் கேட்காதீர்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் அந்த ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளின் கட்டு கருவில் இருக்கும்போது உருவாக வேண்டியது. அப்போது உருவாகாதது, பிறந்தபின் எந்தப் பயிற்சியாலும் முளைக்காது. அதற்காக உங்கள் மகனின் மூளை இரண்டு துண்டாகக் கிடக்கிறது என்று பொருளல்ல. அப்படிப் பிறந்த ஒரு கல்லூரி மாணவியை சால், ஸ்பெரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1968-இல் எழுதினார்கள். வலிப்புக்காக அந்த இணைப்பை அறுவையில் துண்டித்தவர்களிடம் கண்ட கோளாறுகள் அவளிடம் இல்லை. கருவிலிருந்தே வளரும் மூளை, இருக்கும் சிறு இணைப்புகளைக் கொண்டு தனக்கான வழியை அமைத்துக்கொள்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'அபூர்வத் திறமை' என்ற சொல். அண்மையில் கிம் பீக்கைப் பற்றி மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். 1951-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர். அவருக்கும் கார்பஸ் கலோசம் இல்லை, வேறு சில மூளைக் குறைகளும் இருந்தன. ஏறத்தாழ 12,000 புத்தகங்கள் அவர் நினைவில் இருந்ததாகச் சொல்வார்கள். 1984-இல் அவரைச் சந்தித்த திரைக்கதையாசிரியர் பாரி மாரோ, அந்தத் தூண்டுதலில் 'ரெயின் மேன்' கதையை எழுதினார். 1988-இல் படம் வந்தது, ஆஸ்கர்களை வாங்கியது, உலகமே அந்த நினைவாற்றலைப் பார்த்து வாயைப் பிளந்தது.

அந்த மனிதருக்குத் தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள வராது. குழந்தையாக இருந்தபோதே காப்பகத்தில் விட்டுவிடும்படி மருத்துவர் சொன்னதைப் பெற்றோர் கேட்கவில்லை. நான்கு வயதில்தான் நடந்தார். ஐம்பது வயதைக் கடந்த மகனுக்கு உடுத்திவிட்டு, ஊர் ஊராகக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் தந்தை ஃபிரான். படத்தின் முடிவிலோ, கிம்மின் தூண்டுதலில் உருவான அண்ணன் பாத்திரம் ரயிலேறிக் காப்பகத்துக்கே திரும்பிப் போகிறது! நிஜத்தில் 2009-இல் கிம் இறக்கும்வரை தந்தை அவரைக் கைவிடவில்லை. சினிமாவுக்கு மகனின் நினைவாற்றல் தேவைப்பட்டது, தகப்பனின் கைகள் தேவைப்படவில்லை. எனக்கு அந்தக் கைகள்தான் கதை.

என் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்வான். அவன் மூளையை யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் அவனை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். பதில் வந்ததும் கைதட்டுவார்கள். பந்தி தொடங்கியதும் எழுந்து போய்விடுவார்கள். அவன் அடுத்த தேதிக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்பான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு சிறுவனாக இருந்தேன். ஆகவேதான் கோபமாகச் சொல்கிறேன்: கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார் என்பது பெற்றவர்களைத் தேற்ற உறவினர்கள் சொல்லும் வார்த்தை, பிள்ளைக்கு அது கடன் பத்திரம். கார்பஸ் கலோசம் இல்லாதவர்களில் கிம்மைப் போன்றவர் மிக மிக அபூர்வம். உங்கள் மகனுக்கு ஒளிந்திருக்கும் திறமை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அவன் உங்கள் வீட்டில் இருப்பதற்கான தகுதி குறைந்துவிடுமா?

கண்ணை மூடி நின்றதைப் பற்றி. உணவகத்தில் குரலைத் தாழ்த்தச் சொன்ன தந்தையிடம் கிம் என்ன செய்தார் தெரியுமா? நாற்காலியில் சறுக்கிக் கீழே இறங்கி, தொண்டையைத் தாழ்த்தினார். சொல்லின் மேற்பொருள் உடனே எட்டும். பழமொழியும் கேலியும் குறிப்புப் பேச்சும் எட்டாமல் போகும். இந்தக் குறை உள்ளவர்களில் அறிவுத்திறன் இயல்பாக இருப்பவர்களிடமும் இதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பத்து வயதுவரை அது பெரிதாகத் தெரியாது. அதன்பின் சக பிள்ளைகளின் பேச்சு முழுவதும் சூசகமாக மாறும்போது அவன் பின்தங்குவான். நீங்கள் சிரித்தது அவனுக்குப் புரியவில்லை என்று எண்ணாதீர்கள். எதற்காகச் சிரித்தீர்கள் என்பதுதான் புரிந்திருக்காது. அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

ஓவிய வகுப்பைக் கேட்டிருந்தீர்கள். வண்ணம் பிடித்திருந்தால் அனுப்புங்கள், பிடிக்காவிட்டால் மறுநாளே நிறுத்திவிடுங்கள். அதைவிட முதலில், உரையாடலில் மறைபொருளைப் புரிந்துகொள்ளப் பயிற்றுவிக்கும் பேச்சு மொழி சிகிச்சையாளர் ஒருவரைத் தேடுங்கள். இவனுக்கு நேராகச் சொன்னால் விளங்கும் என்பதை வகுப்பாசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.