கண்ட்ரோல் பிளேனை அப்கிரேட் செய்யேக்கை டிஎன்எஸ் விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

கிளிநொச்சி அலுவலகத்துக்குள்ளேயே மூண்டு நோட் (சர்வர் மெஷின்), கியூப்அட்மின் எண்ட நிறுவுற கருவியால போட்ட குபர்நெட்டிஸ் (செயலிகளைப் பல மெஷினில பரப்பி ஓடவிடுற மென்பொருள்), அதை நடத்துற பகுதியான கண்ட்ரோல் பிளேனை அப்கிரேட் செய்ய எண்டு முதல் நோட்டை டிரெயின் பண்ணின (அதில ஓடுறதுகளை வெளியேத்தின) கையோட ஒரு பெயரும் ரிசோல்வ் ஆகேல்லை (ஐபி முகவரியா மாறேல்லை) எண்டு கேட்டிருக்கிறீங்கள். அநேகமா, பெயருக்கு ஐபி சொல்லுற உங்கட கோர்டிஎன்எஸ்ஸின்ர பாட் (செயலி ஓடுற அலகு) ரெண்டும் அந்த முதல் நோட்டிலதான் இருந்திருக்கும்.

கியூப்அட்மின் இனிட் ஓடேக்கை இருக்கிறது ஒரேயொரு நோட். கோர்டிஎன்எஸ்ஸின்ர ரெண்டு ரெப்ளிகாவும் (பிரதியும்) அதிலேயே ஏறிவிடும். பிறகு நோட் சேர்த்தாலும், ஓடுற பாட்டை ஷெட்யூலர் (பாட்டுக்கு நோட் ஒதுக்கிற பகுதி) இடம் மாத்தாது. கியூப்-சிஸ்டம் எண்ட நேம்ஸ்பேஸில (குபர்நெட்டிஸின்ர சொந்தப் பாட் இருக்கிற பிரிவு) பாட் பட்டியலை ‘வைட்’ (விரிவான வடிவம்) போட்டு எடுங்கோ. கோர்டிஎன்எஸ் வரி ரெண்டிலயும் நோட் நிரலில ஒரே பெயர் நிண்டால் சங்கதி அதுதான். மூண்டு கண்ட்ரோல் பிளேன் இருக்கு, எங்களுக்கு இது வராது எண்டு சிலர் வருவினம். கண்ட்ரோல் பிளேனில கட்டளைகளை வாங்கிற ஏபிஐ சர்வர் மூண்டு இருக்கிறதுக்கும் கோர்டிஎன்எஸ் எங்க குந்தியிருக்கு எண்டதுக்கும் சம்பந்தமில்லை.

கோர்டிஎன்எஸ் டிப்ளாய்மென்டுக்கு ஒரு ரோல்அவுட் ரீஸ்டார்ட் (பாட்டுகளைப் புதுசா எழுப்புற கட்டளை) குடுத்தால் ரெண்டும் வேற வேற நோட்டுக்குப் பிரிஞ்சு போகும். பழைய கிளஸ்டரெண்டால் (நோட்டுகள் சேர்ந்த கூட்டம்) பாட் ஆன்டி-அஃபினிட்டி (ஒரே நோட்டில சேராமல் பாக்கிற விதி) இருக்கோ எண்டும் பாருங்கோ. இதை அப்கிரேட்டுக்கு முதல் நாளே செய்யுங்கோ, ஏபிஐ சர்வர் இறங்கி நிக்கேக்கை தொடாதேங்கோ. ஓடுற கோர்டிஎன்எஸ் ஏபிஐ இல்லாட்டியும் மெமரியில கிடக்கிற சர்வீஸ் விபரத்தை வைச்சுப் பதில் சொல்லும். புதுசா எழும்புறதுக்கு அந்த விபரம் கிடைக்காது, ரெடி ஆகாமல் நிக்கும்.

அடுத்தது பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட், எத்தினை பாட் எப்பவும் ஓடோணும் எண்டு சொல்லுற விதி. கியூப்அட்மின் தானாப் போடாது. குறைஞ்சது 1 எண்டு வையுங்கோ: டிரெயின் ஒண்டை எடுத்திட்டு, மாத்துப் பாட் ரெடியாகுமட்டும் மற்றதைத் தொடாது. ரெப்ளிகா ஒண்டே ஒண்டெண்டால் டிரெயின் முடியவே முடியாது, கவனம். கரண்ட் போனால் இது உதவாது, அதுக்கு யூபிஎஸ்தான்.

கோர்டிஎன்எஸ்ஸின்ர அமைப்புக் கோப்பான கோர்ஃபைலில ஹெல்த்துக்குக் கீழ லேம்டக் 5 செக்கன் எண்டு இருக்கும். சாகப்போற பாட் அவ்வளவு நேரம்தான் பதில் சொல்லிக்கொண்டு நிக்கும். நோட்டுகள் மந்தமெண்டால் கியூப்-பிராக்ஸி (பாக்கெட்டை எந்தப் பாட்டுக்கு அனுப்புறதெண்டு நோட்டில விதி போடுறது) விதியை மாத்திறதுக்குள்ள அது முடிஞ்சிடும், 15 ஆக்குங்கோ. பாட்டின்ர டெர்மினேஷன் அவகாசம் (நிப்பாட்ட முதல் குடுக்கிற நேரம்) 30 செக்கன், அதுக்குள்ள அடங்கோணும்.

கியூப்அட்மினின்ர அப்கிரேட் பிளான் கட்டளை காட்டுற கோர்டிஎன்எஸ் இமேஜை (பாட் ஓடத் தேவையான மென்பொருள் பொதி) வேர்க்கர் நோட்டுகளிலயும் (செயலிகள் ஓடுற மற்ற நோட்டுகள்) முன்கூட்டியே இறக்கி வையுங்கோ. எங்கட பக்கத்து இணைப்பில அது இறங்கி முடியுமட்டும் முழு கிளஸ்டரும் ஒற்றைப் பாட்டில தொங்கும்.

‘கிளவுட்டுக்கு மாறுங்கோ’ எண்டு கொழும்பில இருந்து புத்தி சொல்லுறது லேசு. பில் டொலரில வரும், மாங்குளத்தில கடை பில்லிங் மென்பொருள் செய்யிற பெடியனுக்குக் காசு ரூபாயில, அதுவும் ரெண்டு மாசம் பிந்தி. அதை விடுவம்.

அப்கிரேட் ஓடேக்கை வேர்க்கர் நோட் ஒண்டில ஒரு பாட்டுக்குள்ள செக்கனுக்கு ஒருக்கா என்எஸ்லுக்கப் (டிஎன்எஸ்ஸிட்டப் பெயரைக் கேட்டுப் பாக்கிற கட்டளை) ஓட விடுங்கோ. செயலிகளில சில கோரிக்கை மட்டும் சரியா 5 செக்கன் இழுத்தால், அநேகமா செத்த பாட்டுக்கு இன்னும் பாக்கெட் போகுது எண்டு அர்த்தம். ஜிலிப்சி (லினக்ஸ் செயலிகள் பெயர் தேடப் பாவிக்கிற நூலகம்) அடுத்த முயற்சிக்கு முதல் காத்திருக்கிற நேரம் அது. உடனே அடுத்த நோட்டுக்குத் தாவாமல், கோர்டிஎன்எஸ்ஸுக்கு முன்னால நிக்கிற கியூப்-டிஎன்எஸ் சர்வீஸின்ர எண்ட்பாயிண்டில (ரெடியான பாட்டுகளின்ர முகவரிப் பட்டியல்) ரெண்டு ஐபி வந்திட்டுதோ எண்டு பாத்திட்டுப் போங்கோ.