பழைய வேன், இரண்டு சைக்கிள்

கேள்வி: சனி, ஞாயிறு நந்தி மலைக்கு இரண்டு சைக்கிள் கொண்டுபோக வேண்டும், மற்ற நாட்களில் ஆபீஸ். பழைய மாருதி ஈகோ வேன் வாங்கலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வாங்கலாம். 5 சீட், பெட்ரோல், வெள்ளை போர்டு (சொந்த உபயோக) வண்டியாகப் பாருங்கள். சிஎன்ஜி வேண்டாம், சிலிண்டரே பின்பக்க இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கி ஆயில் கசிவு, கூலன்ட் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சீட் சூடாகும், அது கோளாறல்ல. பின்சக்கர இழுவை என்பதால் கியர் மாற்றும்போது அடியில் 'டக்' என்றால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். வேகத்தோடு 'ஊ' என்று கூடும் சத்தம் பெரும்பாலும் டிஃபரென்ஷியல், அதாவது பின் அச்சின் நடுவிலுள்ள கியர் தொகுதி. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஸ்லைடிங் கதவைப் பாதி திறந்து கைப்பிடியை மேலே தூக்குங்கள். நிறைய ஆடினால் ரோலர் போயிருக்கும், மாற்றிவிடலாம். ஆனால் கதவு ஓடும் கீழ் ரயிலில் துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் செலவு நீளும். தரை விரிப்பையும் உரித்துப் பாருங்கள். புது பெயின்ட்டை நம்பாதீர்கள்.

டேப்பால் அளப்பதோடு நிற்காமல் சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளம் நன்றாகக் குறையும். சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையாவது செருகுங்கள். இல்லையேல் பிரேக் லீவர் தவறி அழுந்தி பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி.யோடு (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கர்நாடக ஆயுள் சாலை வரியையும் கணக்கில் சேருங்கள்.