வாதிட்டால் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடுமா?

கேள்வி: "இன்று உங்கள் மார்க்கத்தை முழுமையாக்கி விட்டேன்" (குர்ஆன் 5:3) என்று அல்லாஹ்வே சொன்ன பிறகு, முஸ்லிமான நீங்களே சீர்திருத்தம், திறந்த விவாதம் என்று எழுதலாமா? மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பேச வேண்டியதை நாம் பேசினால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்தது ஆகாதா?

பதில்: மார்க்கம் முழுமையானதுதான், சகோதரரே. அதை விளங்கிக்கொண்டவர்களின் விளக்கமும் முழுமையானது என்று அந்த வசனம் சொல்லவில்லை. பெரும் சட்ட அறிஞரான இமாம் ஷாஃபிஈ ஈராக்கில் சொன்ன சட்டங்கள் பலவற்றை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிக்கொண்டார். அவரை யார் முர்தத் (மதம் மாறியவர்) என்றார்கள்?

ஆலிம்கள் மட்டும்தான் பேச வேண்டுமா? நபித்தோழியான ஹவ்லா பின்த் ஸஃலபா (ரலி) எந்த மதரஸாவில் ஓதினார்? "நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல" என்று கணவர் சொல்லிவிட்டார். அன்றைய அரபு வழக்கப்படி அந்த ஒரு சொல்லோடு இல்லறம் முடிந்தது. அவரோ நபி (ஸல்) அவர்களிடமே வந்து விடாமல் வாதிட்டார். அதே வீட்டில் இருந்த நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தப் பேச்சில் சில காதில் விழவில்லை. ஆனால் குர்ஆனின் 58ஆம் அத்தியாயம், உம்மிடம் தன் கணவர் குறித்து வாதிட்டவரின் பேச்சை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்றே தொடங்குகிறது. அந்த வழக்கமும் ஒழிந்தது.

ஒரே மூச்சில் மூன்று முறை சொன்ன தலாக்கை (முத்தலாக்) ஒரே தலாக்காகவே எண்ண வேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டில் மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா சொன்னபோது பெரும்பாலான ஆலிம்கள் எதிர்த்தார்கள். 1929இல் எகிப்து அதைத்தான் சட்டமாக்கியது. இடையில் 600 ஆண்டுகள். ஒருவன் கோபத்தில் உதிர்த்த வார்த்தைக்காக வீட்டை இழந்த பெண்களுக்கு மறுமையில் யார் பதில் சொல்வது? விவாதத்தைத் தள்ளிப்போட்ட நாம்தானே!

எதிரிக்கு ஆயுதம் என்கிறீர்கள். 1985 ஜனவரியில் சூடானில், எழுபதைத் தாண்டிய சீர்திருத்தச் சிந்தனையாளர் மஹ்மூத் முஹம்மது தாஹாவை மதம் மாறியவர் என்று சொல்லித் தூக்கிலிட்டார்களே, அதைவிடப் பெரிய ஆயுதம் உண்டா? குர்ஆனில் மக்காவில் இறங்கிய வசனங்களுக்கே முதலிடம் என்ற அவர் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அதை மறுத்து நூறு நூல் எழுதியிருக்கலாம். கயிற்றை எடுத்தார்கள். மறு ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. போன உயிர் வருமா?

தொழுகையையும் நோன்பையும் யாரும் விவாதத்துக்கு இழுக்கவில்லை. தலாக், பெண்ணின் சாட்சியம், மதம் மாறியவருக்குத் தண்டனை, இவற்றைத்தான் பேசச் சொல்கிறேன். ஆலிம்களும் வரட்டும், பாதிக்கப்பட்ட பெண்களும் வரட்டும். நான் சொன்னதில் தவறிருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள். ஒரு வரியும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.